இரண்டு சாவியும் தொலைந்தால்?

சாவி சிறிய பொருள். ஒரு விரல் நீளம்தான் இருக்கும். ஆனால் அது இல்லாவிட்டால் பல லட்சம் ரூபாய் கார் ஓர் அடிகூட நகராது.

வாடகைக் கார் ஓட்டிப் பிழைப்பவர்கள் சித்தூரில் பலர் உண்டு. காணிப்பாக்கம், திருப்பதி, வேலூர் என்று தினமும் ஓடுகிறார்கள். ஒரு நாள் வண்டி நின்றால் அன்றைய வருமானம் போய்விடும். வங்கித் தவணை மட்டும் நிற்காது.

புதுக் கார் வாங்கும்போது பெரும்பாலும் இரண்டு சாவி தருவார்கள். ஒன்று தொலைந்தால் இன்னொன்று இருக்கும். இரண்டும் தொலைந்தால்? புதுச் சாவி எப்படிச் செய்கிறார்கள்? அதற்கு என்ன காகிதம் வேண்டும்? வேலை முடிந்ததும் எதைக் கேட்க வேண்டும்? தெரிந்துகொள்வோம்.

அந்தக் காலத்துச் சாவி

அம்பாசிடர் கார் பலருக்கு நினைவிருக்கும். மாருதி 800 கார் 1983 டிசம்பரில் வந்தது. அந்தக் கார்களின் சாவி வெறும் உலோகம். அதில் பற்கள் இருக்கும். பற்கள் சரியாகப் பொருந்தினால் பூட்டு திரும்பும். அவ்வளவுதான்.

அந்தச் சாவி தொலைந்தால் பெரிய கவலை இல்லை. மரத்தடியில் சாவிக்காரர் உட்கார்ந்திருப்பார். அரத்தால் ராவி, கொஞ்ச நேரத்தில் புதுச் சாவி தந்துவிடுவார்.

நமக்கு அது வசதி. திருடனுக்கும் அதுவே வசதி. எவரும் சாவி செய்யலாம். சாவியே இல்லாமல் இரண்டு ஒயரைச் சேர்த்தும் வண்டியைக் கிளப்பலாம். அதனால் கார்த் திருட்டு உலகம் முழுவதும் பெருகியது.

சாவிக்குள் ஒரு சில்லு

திருட்டைத் தடுக்க 1990களில் ஒரு புது முறை வந்தது. சாவியின் பிளாஸ்டிக் தலைக்குள் ஒரு சிறிய சில்லு வைத்தார்கள். அது அரிசி மணியைவிடக் கொஞ்சம் பெரிது. அதற்குள் ஓர் எண் மறைந்திருக்கிறது. ஒரு சாவியின் எண் இன்னொரு சாவிக்கு இருக்காது.

வண்டிக்குள்ளும் ஒரு சிறிய கம்ப்யூட்டர் பெட்டி உண்டு. எந்தெந்தச் சாவி தன்னுடையது என்று அதில் பதிவாகி இருக்கும். இந்த ஏற்பாட்டுக்கு இம்மொபிலைசர் என்று பெயர். வண்டியை நகர விடாமல் நிறுத்துவது என்பது இதன் பொருள்.

ரேஷன் கடையில் விரலை வைக்கிறோம். கைரேகை பொருந்தினால்தான் அரிசி கிடைக்கும். காரிலும் அப்படித்தான். சாவியைத் திருப்பியதும் வண்டி, "நீ யார்?" என்று கேட்கிறது. சில்லு பதில் சொல்கிறது. பதில் சரி என்றால் எஞ்சின் ஓடும். பதில் தவறு என்றால் எஞ்சின் ஓடாது. சாவியின் பற்கள் சரியாக இருந்தாலும் ஓடாது.

இந்தச் சில்லுக்கு பேட்டரி தேவை இல்லை. சாவி போடும் துளையைச் சுற்றி ஒரு கம்பிச்சுருள் இருக்கிறது. அதிலிருந்து சில்லுக்கு மின்சாரம் காற்று வழியாகவே வருகிறது. சாவியில் இருக்கும் பொத்தான் பேட்டரி கதவு திறக்கும் ரிமோட்டுக்காக. ஆகவே அந்த பேட்டரி தீர்ந்தாலும் சாவியைப் போட்டுத் திருப்பினால் வண்டி கிளம்பும்.

பிரிட்டன் நாட்டில் 1998 அக்டோபர் முதல் புதுக் கார்கள் எல்லாவற்றிலும் இது கட்டாயம் ஆனது. நெதர்லாந்து நாட்டில் இதைப் பற்றி ஆராய்ந்தார்கள். இந்த ஏற்பாட்டால் அங்கே கார்த் திருட்டு சுமார் 40 சதவீதம் குறைந்தது என்று கண்டார்கள். இந்தியாவிலும் இப்போது பெரும்பாலான கார்களில் சில்லுச் சாவிதான் வருகிறது.

ஒரு சாவி இருந்தால் வேலை சுலபம்

ஒரு சாவி கையில் இருந்தால் இன்னொன்று செய்வது பெரிய வேலை இல்லை. கதவு திறக்கும். பற்களைப் பார்த்து வெட்டலாம். வண்டிக்குத் தெரிந்த சாவி ஒன்று இருப்பதால் புதுச் சாவியைச் சேர்ப்பதும் எளிது.

ஒரு சாவியும் இல்லாவிட்டால் எல்லாமே கடினம். கதவு பூட்டியிருக்கும். பார்த்து வெட்ட மாதிரி இருக்காது. வண்டிக்குத் தெரிந்த சாவி ஒன்றுமே இருக்காது. எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். நேரமும் பணமும் பல மடங்கு ஆகும்.

வண்டியை இழுத்துப் போவதும் எளிது இல்லை. சாவி இல்லாமல் ஸ்டீரிங் பூட்டிக்கொள்ளும். கயிறு கட்டி இழுத்தால் வண்டி திரும்பாது. தட்டு லாரியில் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும்.

அலிபிரியில் ஒரு நாள்

இப்படி ஒரு நிலைமையை நினைத்துப் பாருங்கள்.

சித்தூர்க்காரர் ஒருவர். சொந்தமாக வாடகைக் கார் வைத்திருக்கிறார். அம்மாவின் வேண்டுதலுக்காகத் திருப்பதி வருகிறார். அலிபிரியில் காரை நிறுத்துகிறார். இருவரும் நடந்து மலை ஏறுகிறார்கள். சுமார் 3,550 படிகள். தரிசனம் முடிந்து பஸ்ஸில் கீழே இறங்குகிறார்கள். காருக்குப் பக்கத்தில் வந்து சட்டைப் பையைத் தொட்டுப் பார்க்கிறார். சாவி வளையம் இல்லை. காரின் இரண்டு சாவியும் அந்த ஒரே வளையத்தில்தான் இருந்தன.

அவர் வழியெல்லாம் விசாரிக்கிறார். தொலைந்த பொருள்கள் வைக்கும் இடத்திலும் கேட்கிறார். கிடைக்கவில்லை. பிறகு ஊருக்குள் போய் ஒரு சாவிக்காரரைப் பார்க்கிறார்.

"அண்ணே, கார் சாவி ரெண்டும் போச்சு. புதுசா ஒண்ணு போட்டுத் தரணும்."

"போடலாம் தம்பி. ஆர்.சி. இருக்கா?"

"அது வண்டிக்குள்ளேயே இருக்குண்ணே. கதவு பூட்டியிருக்கு."

"அப்ப வண்டி உங்களுதுன்னு எதை வெச்சு நான் நம்பறது?"

ஓட்டுநருக்குக் கோபம் வருகிறது. "என்னண்ணே இப்படிக் கேட்கறீங்க? அஞ்சு வருசமா நான் ஓட்டற வண்டி. என்னைப் பார்த்தா திருடன் மாதிரியா இருக்கு?"

சாவிக்காரர் கோபப்படவில்லை. "கோவிச்சுக்காதீங்க தம்பி. நாளைக்கு வேற ஒருத்தர் வந்து உங்க வண்டியைக் காட்டி, இது என் வண்டி, சாவி போடுங்கன்னு கேட்டா, நான் போட்டுத் தரலாமா?"

ஓட்டுநர் பதில் பேசவில்லை.

"போன்ல டிஜிலாக்கர் இருக்கா?"

"இருக்குண்ணே. பொண்ணு போட்டுக் கொடுத்தா."

"அதுல ஆர்.சி. வரும். லைசன்சும் வரும். அதைக் காட்டுங்க. அப்படியே போலீஸ் ஸ்டேஷன் போய் சாவி தொலைஞ்சதை எழுதிக் கொடுங்க. அவங்க தர்ற காகிதத்தைக் கொண்டு வாங்க. நான் வந்து வேலையைப் பார்க்கறேன்."

"சித்தூர் ஸ்டேஷனுக்குப் போகணுமாண்ணே?"

"வேண்டாம் தம்பி. தொலைஞ்சது இங்கே. இங்கேயே எழுதிக் கொடுங்க."

திருப்பதி இப்போது தனி மாவட்டம். 2022 ஏப்ரல் 4ஆம் தேதி சித்தூர் மாவட்டத்திலிருந்து பிரிந்தது. எந்த ஊரில் பொருள் தொலைந்ததோ அந்த ஊர்க் காவல் நிலையத்தில் எழுதிக் கொடுப்பதே முறை.

அந்தச் சாவிக்காரர் ஆதாரம் கேட்டது நல்லது. ஒன்றும் கேட்காமல் சாவி போட்டுத் தருபவர், திருடனுக்கும் போட்டுத் தருவார். கேள்வி கேட்கிற சாவிக்காரரே நம் வண்டிக்குக் காவல்.

புதுச் சாவி எப்படிப் பிறக்கிறது?

1. கதவைத் திறப்பது. இதற்கென்று மெல்லிய கருவிகள் உண்டு. பழகியவர் கண்ணாடியை உடைக்காமல் திறப்பார்.

2. எண்ணைச் சரிபார்ப்பது. ஒவ்வொரு காருக்கும் சேசிஸ் எண் உண்டு. எழுத்தும் எண்ணுமாக அதில் 17 குறிகள் இருக்கும். ஆர்.சி.யில் உள்ள எண்ணும் வண்டியில் உள்ள எண்ணும் ஒன்றா என்று பார்க்க வேண்டும். ஒவ்வொரு குறியாகப் படித்துப் பார்ப்பது நல்லது.

3. சாவியை வெட்டுவது. புதுக் காரோடு ஒரு சிறிய தகடு அல்லது அட்டை தருவதுண்டு. அதில் சாவி எண் இருக்கும். அந்த எண் இருந்தால் எந்திரத்தில் கொடுத்து அதே பற்களோடு வெட்டலாம். எண் இல்லாவிட்டால் பூட்டுக்குள் இருக்கும் சிறு தகடுகளை ஒவ்வொன்றாக அளந்து பார்க்க வேண்டும். பிறகுதான் வெட்ட முடியும்.

இப்போது கதவு திறக்கும். சாவியும் திரும்பும். ஆனால் எஞ்சின் ஓடாது. வண்டிக்கு இந்தச் சாவியை இன்னும் தெரியாது. டேஷ்போர்டில் சாவிப் படம் போட்ட சிறு விளக்கு மினுக்கிக்கொண்டே இருக்கும்.

4. பேட்டரியைப் பார்ப்பது. கார் பேட்டரி 12 வோல்ட். சாவியைப் பதியும்போது அது பலவீனமாக இருக்கக் கூடாது. பாதியில் மின்சாரம் குறைந்தால் கம்ப்யூட்டர் பெட்டியே கெட்டுப்போகலாம். சாவிச் செலவு பெட்டிச் செலவாக மாறிவிடும். திருப்பதிக்குப் பக்கத்தில் கரகம்பாடியில் அமர ராஜா பேட்டரித் தொழிற்சாலை இருக்கிறது. அது 1985இல் தொடங்கிய நிறுவனம். ஆனால் பேட்டரி செய்கிற ஊரிலும் பழைய பேட்டரி பழைய பேட்டரிதான். சந்தேகம் இருந்தால் முதலில் சார்ஜ் ஏற்ற வேண்டும்.

5. வண்டியோடு பேசுவது. ஸ்டீரிங்குக்குக் கீழே ஒரு சொருகி இருக்கும். அதில் 16 துளைகள். சாவிக்காரர் தன் கருவியை அதில் மாட்டுவார். வண்டி ஒரு ரகசிய எண்ணைக் கேட்கும். அந்த எண்ணைக் கம்பெனி வழியாகப் பெற வேண்டும். சில வண்டிகளில் கருவியே அதைப் படித்துவிடும். சில வண்டிகளில் பெட்டியைக் கழற்றி மேசையில் வைத்துப் படிக்க வேண்டும். சில புது வண்டிகளுக்குக் கம்பெனி ஷோரூமில் மட்டுமே முடியும்.

6. பதிவது. ரகசிய எண் சரியாக இருந்தால் வண்டி புதுச் சாவியை ஏற்றுக்கொள்ளும். இதைத்தான் புரோகிராம் செய்வது என்கிறார்கள். குடும்ப அட்டையில் புதுப் பெயர் சேர்ப்பது போன்றது இது. மினுக்கிய விளக்கு அணையும். எஞ்சின் ஓடும்.

ஷோரூமா? சாவிக்காரரா?

இரண்டு வழியும் உண்டு. ஷோரூமில் ஆர்.சி.யையும் அடையாள அட்டையையும் காட்டி மனு தர வேண்டும். சேசிஸ் எண்ணை வைத்துக் கம்பெனியிலிருந்து சாவி வரவழைப்பார்கள். சில நாட்கள் ஆகலாம். ஆனால் பில்லும் உத்தரவாதமும் கிடைக்கும்.

தேர்ந்த சாவிக்காரர் வண்டி நிற்கும் இடத்துக்கே வருவார். அன்றைக்கே முடியலாம். செலவும் குறையலாம். ஆனால் அவர் கையில் வண்டியின் கம்ப்யூட்டரையே ஒப்படைக்கிறோம். ஆகவே வேலை தொடங்கும் முன் மூன்று கேள்வி கேளுங்கள்.

இந்த மாடல் வண்டிக்கு இதற்கு முன் செய்திருக்கிறீர்களா? மொத்தச் செலவு எவ்வளவு? ஏதாவது கெட்டுப்போனால் யார் பொறுப்பு?

பதிலைக் காகிதத்தில் எழுதி வாங்குங்கள். படித்துப் பார்த்த பிறகு சம்மதியுங்கள்.

தொலைந்த சாவியை அழித்தீர்களா?

எஞ்சின் ஓடியதும் பலர் பணம் கொடுத்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். முக்கியமான வேலை இனிமேல்தான் இருக்கிறது.

தொலைந்த சாவி எங்கோ கிடக்கிறது. அது ஒருவர் கையில் கிடைக்கலாம். வண்டியின் பதிவில் அது இன்னும் இருந்தால், அந்தச் சாவியாலும் எஞ்சின் ஓடும். ஆகவே பழைய சாவிகளைப் பதிவிலிருந்து அழிக்கச் சொல்ல வேண்டும்.

அழித்துவிட்டார் என்று எப்படித் தெரியும்? பல வண்டிகளில் எத்தனை சாவி பதிவாகி இருக்கிறது என்று கருவி காட்டும். அந்த எண்ணிக்கையும் உங்கள் கையில் இருக்கும் சாவிகளின் எண்ணிக்கையும் ஒன்றாக இருக்க வேண்டும். கையில் இரண்டு, பதிவில் நான்கு என்றால் வேலை முடியவில்லை.

இன்னொன்றும் உண்டு. அழித்த சாவியால் எஞ்சின் ஓடாது. ஆனால் அதன் பற்கள் மாறவில்லை. கதவைத் திறக்க முடியும். சாவியோடு முகவரியும் தொலைந்திருந்தால் பூட்டையே மாற்றுவது நல்லது.

காப்பீடு கேட்கும் கேள்வி

கார் திருட்டுப் போனால் காப்பீட்டுப் பணம் கேட்கிறோம். அப்போது காப்பீட்டுக் கம்பெனி, "எல்லாச் சாவிகளையும் கொடுங்கள்" என்று கேட்கும். ஒரு சாவி குறைந்தால் கேள்வி வரும். சாவியை வண்டியிலேயே விட்டீர்களா என்று கேட்பார்கள். பணம் தாமதமாகலாம். மறுக்கவும் செய்யலாம்.

ஆகவே சாவி தொலைந்த அன்றே காவல் நிலையத்தில் எழுதிக் கொடுங்கள். காப்பீட்டுக் கம்பெனிக்கும் கடிதம் எழுதுங்கள். புதுச் சாவிக்கான பில்லைப் பத்திரமாக வையுங்கள். சில காப்பீடுகளில் சாவிச் செலவுக்கும் பணம் உண்டு. அதற்குத் தனியாகக் கொஞ்சம் கட்டியிருக்க வேண்டும். உங்கள் காப்பீட்டுத் தாளில் அது இருக்கிறதா என்று படித்துப் பாருங்கள்.

பழைய கார் வாங்குகிறவர்களும் கவனிக்க வேண்டும். இரண்டு சாவியையும் கேட்டு வாங்குங்கள். சாவி எண் உள்ள தகட்டையும் கேளுங்கள். வண்டியில் எத்தனை சாவி பதிவாகி இருக்கிறது என்றும் பார்க்கச் சொல்லுங்கள்.

உயிர்தான் முதலில்

சில நேரம் சாவி உள்ளே, கதவு பூட்டி, குழந்தையும் உள்ளே மாட்டிக்கொள்ளும். சித்தூர் வெயிலில் மூடிய கார் சில நிமிடங்களில் அடுப்பாகிவிடும். அப்போது சாவிக்காரருக்காகக் காத்திருக்கக் கூடாது. குழந்தைக்குத் தள்ளி இருக்கும் ஜன்னல் கண்ணாடியை உடைக்க வேண்டும். 112 என்ற எண்ணுக்குப் போன் செய்ய வேண்டும். கண்ணாடியை மறுநாள் மாற்றிக்கொள்ளலாம்.

மனு எழுதுவது எப்படி?

காவல் நிலையத்துக்கு இப்படி எழுதலாம்.

ஐயா,
என் பெயர் ____. நான் ____ ஊரில் வசிக்கிறேன். என் காரின் பதிவு எண் ____. சேசிஸ் எண் ____. ____ தேதி, ____ மணி அளவில், ____ இடத்தில் காரின் இரண்டு சாவிகளும் தொலைந்துவிட்டன. தேடியும் கிடைக்கவில்லை. இந்த மனுவைப் பதிவு செய்து சான்று தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.
இப்படிக்கு,
____

திருப்பதியில் இதைத் தெலுங்கில் எழுதித் தர வேண்டி வரும். தெலுங்கு எழுதத் தெரிந்தவரிடம் இதைப் படித்துக் காட்டி எழுதச் சொல்லலாம். எழுதியதை அவர் உரக்கப் படிக்க வேண்டும். பெயர், எண், தேதி மூன்றும் சரியா என்று நீங்களே பாருங்கள். பிறகு கையெழுத்துப் போடுங்கள். வெற்றுத் தாளில் மட்டும் எப்போதும் கையெழுத்துப் போடாதீர்கள். ஒரு நகலை உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது சாவி எங்கே இருக்க வேண்டும்?

அலிபிரி ஓட்டுநரின் இரண்டாவது சாவி சித்தூர் வீட்டில் இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும்? வீட்டுக்கு ஒரு போன். யாராவது சாவியை எடுத்துக்கொண்டு பஸ் ஏறியிருப்பார்கள். சித்தூரிலிருந்து திருப்பதி சுமார் 70 கிலோமீட்டர்தான். செலவு ஒரு பஸ் டிக்கெட். அன்று இரவே அம்மாவும் மகனும் வீடு சேர்ந்திருப்பார்கள்.

இரண்டு சாவியை ஒரே வளையத்தில் கோத்தால் அது ஒரு சாவிதான். தொலையும்போது சேர்ந்தே தொலையும். விதை நெல்லைச் சமையல் அரிசியோடு வைப்பதில்லை. இரண்டாவது சாவியும் விதை நெல் போன்றது.

இன்றே செய்யுங்கள்

1. இரண்டாவது சாவியை வீட்டில் தனியே வையுங்கள். எங்கே இருக்கிறது என்று வீட்டில் இன்னொருவருக்குச் சொல்லுங்கள்.
2. சாவி எண் தகட்டைச் சாவியோடு கட்டி வைக்காதீர்கள். அந்த எண்ணை ஒரு நோட்டிலும் எழுதி வையுங்கள்.
3. ஆர்.சி.யையும் லைசன்சையும் டிஜிலாக்கரில் ஏற்றி வையுங்கள்.
4. ஒரு சாவிதான் இருக்கிறதா? அது தொலையும் முன் இன்னொன்று செய்துகொள்ளுங்கள்.

பயிற்சி

அ. கோடிட்ட இடத்தை நிரப்புங்கள்.
1. சேசிஸ் எண்ணில் ____ குறிகள் இருக்கும்.
2. சாவியில் உள்ள சில்லுக்கு ____ தேவை இல்லை.
3. திருப்பதி தனி மாவட்டம் ஆன ஆண்டு ____.

ஆ. விடை எழுதுங்கள்.
1. சாவிக்காரர் ஆர்.சி.யைக் கேட்டது சரியா? ஏன்?
2. பழைய சாவியைப் பதிவிலிருந்து அழிக்காவிட்டால் என்ன ஆகும்?
3. புதுச் சாவி செய்யும்போது பேட்டரி பலவீனமாக இருந்தால் என்ன ஆகலாம்?

இ. செய்து பாருங்கள்.
உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ கார் அல்லது பைக் இருக்கிறதா? அதன் ஆர்.சி.யை வாங்கிப் படியுங்கள். பதிவு எண்ணையும் சேசிஸ் எண்ணையும் ஒரு தாளில் பார்த்து எழுதுங்கள். வண்டியில் உள்ள எண்ணோடு ஒப்பிடுங்கள். பிறகு இரண்டாவது சாவி எங்கே என்று கேளுங்கள்.